உறங்கும் உயரம்

மணாலியிலிருந்து லேவுக்குப் போகும் பழைய சாலை 474 கிலோமீட்டர். அதன் நடுப்புள்ளியை வரைபடத்தில் தேடினால் விரல் சர்ச்சுவின் அருகே வந்து நிற்கும். ஊர் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. இமாச்சலப் பிரதேசமும் லடாக்கும் தொட்டுக்கொள்ளும் ஒரு மேட்டுவெளி, ஓயாத காற்று, பள்ளத்தில் ஓடும் ஆறு, கோடைக்கு வந்து குளிருக்கு முன் சுருட்டிக்கொண்டு போகும் கூடாரங்கள். மணாலியில் காலையில் கிளம்பும் பைக்கர்கள் பலர் இரவுக்கு இங்கேதான் ஸ்டாண்டு போடுகிறார்கள். இரண்டு பகல், நடுவே ஓர் இரவு, பாதித் தொலைவில் ஒரு படுக்கை. கணக்கு நேராகத்தான் இருக்கிறது. உயரத்தை மட்டும் யாரும் அதில் சேர்க்கவில்லை.

மணாலி கடல் மட்டத்திலிருந்து 2,050 மீட்டர். ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வு. சர்ச்சு ஏறத்தாழ 4,290 மீட்டர். மெரினா மணலிலிருந்து ஊட்டி எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரத்தை ஊட்டிக்கு மேல் இன்னொரு முறை ஏறி, அதுவும் ஒரே பகலில் ஏறி, அங்கே போய்ப் படுப்பதற்குச் சமம் அது. மலை மருத்துவம் இதற்கென்று ஓர் எளிய வரம்பு வைத்திருக்கிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, நேற்றிரவு படுத்த இடத்தைவிட இன்றிரவு படுக்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறுவதை நிறுத்தி, படுத்த இடத்திலேயே இன்னோர் இரவு படுக்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் தொடலாம் என்பதைப் பற்றி இந்த வரம்பு எதுவும் சொல்லவில்லை. 5,000 மீட்டர் கணவாயில் பத்து நிமிடம் நின்று, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். உடல் கணக்கு வைத்துக்கொள்வது உறங்கிய உயரத்தை.

அதற்குக் காரணம் உண்டு. 4,300 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் 60 சதவீதம் அளவுதான். விழித்திருக்கும்போது உடல் வேகவேகமாக மூச்சிழுத்து இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டிவிடும். தூக்கத்தில் அந்த முயற்சி தளர்ந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் மேலும் இறங்கும். ஆழமாகச் சில மூச்சுகள், பிறகு சில நொடிகள் மூச்சே இல்லை, பிறகு திடுக்கிட்டு ஒரு பெருமூச்சு. பக்கத்துப் படுக்கையில் விழித்துக் கிடப்பவர் இதைக் கேட்டுப் பயந்துபோவார். தலைவலியும் குமட்டலும் தலைசுற்றலும் உயரத்தை எட்டிய உடனே வருவதில்லை. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்து வருகின்றன. மாலையில் சர்ச்சு வந்து இறங்குபவர் டீ குடித்து, நண்பர்களோடு சிரித்துப் பேசி, தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்பிப் படுக்கிறார். நிலவரம் தெரியவரும்போது நள்ளிரவாகிவிடுகிறது. களைப்பு தீரட்டும் என்று குடித்த மதுவும், தூக்கம் வரட்டும் என்று போட்ட மாத்திரையும் மூச்சை இன்னும் மந்தமாக்கிவிட்டிருக்கும்.

உயர நோய் முற்றியவரைக் காப்பாற்ற முதல் வழி அவரைக் கீழே இறக்குவது. சர்ச்சுவின் கொடுமை அங்கேதான் இருக்கிறது. மணாலி பக்கம் திரும்பினால் 4,890 மீட்டரில் பாரலாச்சா லா கணவாய். லே பக்கம் போனால் 21 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட காட்டா லூப்ஸ், அதற்கு மேல் நகீ லா, அதற்கும் மேல் 5,060 மீட்டரில் லாச்சுங் லா. இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும். அடுத்த தங்குமிடமான பாங் 4,600 மீட்டரில், சர்ச்சுவைவிடவும் உயரத்தில் இருக்கிறது. அங்கே ராணுவத்தின் இடைத்தங்கல் முகாமும் மருத்துவ உதவியும் இருப்பது ஒன்றே ஆறுதல். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டவருக்கு விடியும்வரை பொறுத்திருப்பதே ஆபத்தாக முடியலாம்.

இமாச்சல அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் டெல்லி–லே பேருந்து இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டது. ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்கு ஓடும் அந்த வண்டி மணாலிக்கும் லேவுக்கும் நடுவே எது பாதி என்று பார்க்கவில்லை. லாஹௌல் பள்ளத்தாக்கில், 3,080 மீட்டரில் இருக்கும் கேலாங்கை இரவுத் தங்கலாக வைத்துக்கொண்டது. பயணிகள் கேலாங்கில் அறை எடுத்துப் படுப்பார்கள். விடியும் முன் மறுபடி ஏறி, ஒரே பகலில் பாரலாச்சா, நகீ, லாச்சுங், தங்லாங் என்று நான்கு கணவாய்களைத் தாண்டி, மாலையில் லேவில் இறங்குவார்கள். தங்லாங் லா 5,328 மீட்டர். லே 3,500 மீட்டர். பகலெல்லாம் உடம்பை உலுக்கி எடுத்தாலும், முந்தின இரவுக்கும் இந்த இரவுக்கும் இடையே உறங்கும் உயரம் கூடியது ஏறக்குறைய 420 மீட்டர்தான். அந்த வழியில் நாள்தோறும் வண்டி ஓட்டும் ஓட்டுநர்களின் அனுபவமும் மருத்துவர்களின் வரம்பும் இங்கே ஒன்றாகின்றன.

இரு சக்கரத்தில் வருபவருக்கு இதைப் பின்பற்றுவது அவ்வளவு சுலபமில்லை. கேலாங்கைத் தாண்டி, பாகா ஆற்றங்கரையில், 3,200 மீட்டரில் ஜிஸ்பா இருக்கிறது. நல்ல விடுதிகளும் மரங்களும் கொண்ட கடைசி இடங்களில் ஒன்று. அங்கே தங்கினால் மறுநாள் லே வரை 330 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியாக வேண்டும். ஜல்லியும் புழுதியும் பனியுருகிய நீரும் மாறி மாறி வரும் சாலையில் அது பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறையாத வேலை. களைத்த கைகள் பிரேக்கை இறுக்கத் தாமதிக்கும் நேரமும் அந்தப் பகலின் கடைசியில்தான் வரும். ஆக, பகலைக் கடுமையாக்கி இரவைக் காப்பாற்றுவதா, இரவைப் பணயம் வைத்துப் பகலை இலகுவாக்குவதா என்று ஒவ்வொரு குழுவும் மணாலியில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஜிஸ்பாவில் இரண்டு இரவு. நடுவில் இருக்கும் பகலில் சாமான்களை அறையிலேயே வைத்துவிட்டு, வெறும் வண்டியில் பாரலாச்சா லாவுக்குக் கீழே இருக்கும் சூரஜ் தால் ஏரிவரை ஏறிப் பார்த்து, மாலைக்குள் திரும்பி வந்து படுப்பது. அதற்கு அடுத்த நாள் சர்ச்சுவில் தங்கினாலும் உடல் ஓரளவு பழகியிருக்கும். செலவு ஒரு நாள். அந்த ஒரு நாளைத்தான் யாரும் கொடுக்க மனம் வைப்பதில்லை. சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வருபவர், டேங்கைக் காலி செய்து வண்டியை ரயில் பார்சலில் டெல்லிக்கு அனுப்பி, மிச்சப்படுத்திய விடுப்பை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறார். மணாலிவரை சமவெளியில் ஓட்டியே வந்தவருக்கு இன்னும் நெருக்கடி. பாங்காங் ஏரியும் நுப்ராவும் பட்டியலில் காத்திருக்கின்றன. வெட்டுவதற்கு எளிதான நாளாகக் கண்ணில் படுவது ஜிஸ்பாவின் அந்த இரண்டாவது நாள். பட்டியலில் அதற்கு எதிரே பார்க்க வேண்டிய இடம் எதுவும் எழுதியிருக்காது.

தங்குமிடம் மறுநாள் கிளம்பும் நேரத்தையும் முடிவு செய்கிறது. மேலே பனிப்பாறைகளில் வெயில் ஏற ஏற ஓடைகளில் நீர் கூடும். விடியற்காலையில் சக்கரத்தின் பாதி நனையக் கடந்த ஓடை, பிற்பகலில் சைலன்சரை மூழ்கடித்து வண்டியைப் புரட்டிப் போடும். ஆகவே அனுபவப்பட்டவர்கள் மறுநாள் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதற்கு முன், எத்தனை ஓடைகள், எத்தனை மணிக்குள் என்று கேட்கிறார்கள். ஓடைகளுக்கு இந்தப் பக்கமே தங்கி, சூரியன் ஏறும் முன் தாண்டிவிடுவது அவர்கள் வழக்கம். பெட்ரோலும் இப்படித்தான். கேலாங்குக்கு முன்னால் தண்டியில், அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று சொல்லும் பலகை நெடுங்காலம் நின்றது. டேங்க் நிரம்பி, கேரியரில் ஒரு கேனும் கட்டிக்கொண்ட பிறகே படுக்கையைப் பற்றிய பேச்சு.

இவ்வளவு கணக்கும் போட்ட பிறகு, படுக்கையை முன்பதிவு செய்வதா வேண்டாமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. சமவெளியில் இதற்குப் பதில் எளிது. நாக்பூரிலோ ஜான்சியிலோ கைபேசியைத் திறந்தால் லாட்ஜ் கிடைக்கும். பார்க்க வேண்டியவை நான்குதான். இரவில் பூட்டும் கேட், வண்டி நிற்கும் இடம் வாட்ச்மேன் கண்ணில் படுமா என்பது, கட்டிய சாமான்களை அவிழ்த்து மாடி ஏற வேண்டாத தரைத்தள அறை, விடியற்காலையில் கிளம்ப முந்தின இரவே கணக்கை முடித்துக்கொள்ளும் வசதி. மலையில் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. ஜிஸ்பாவுக்கு அடுத்த தார்ச்சாவைத் தாண்டினால் நெடுந்தூரத்துக்குக் கைபேசி சிக்னல் கிடையாது. பிற மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்வதில்லை. நிலச்சரிவு ஒன்று அரை நாளைத் தின்றுவிடும்.

அப்போது, பணம் கட்டிப் பதிவு செய்த படுக்கை ஒரு பொறியாகிவிடுகிறது. இருட்டத் தொடங்கிவிட்டது, சாலையோரத்தில் தாபா விளக்கு தெரிகிறது, அங்கே இடமும் இருக்கிறது. ஆனால் காசு கட்டிய கூடாரம் இன்னும் 40 கிலோமீட்டரில் காத்திருக்கிறது. தடுப்பில்லாத மலைச்சாலையில் ஹெட்லைட்டை நம்பி வண்டியை மேலே விடுபவரைத் துரத்துவது அந்த முன்பணம். மணாலி, ஜிஸ்பா, லே போன்ற இடங்களில் பதிவு செய்துவிட்டு, நடுவில் இருக்கும் இரவைத் திறந்து வைத்திருப்பதே இந்தச் சாலைக்குப் பொருத்தமான ஏற்பாடு. அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். போன இடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அந்நியர்கள் மேல் வைக்கும் நம்பிக்கையும் வேண்டும்.

மோட்டார்சைக்கிள் பயணத்துக்கு அந்த நம்பிக்கை புதிதில்லை. எர்னெஸ்டோ குவேராவும் ஆல்பர்டோ கிரனாடோவும் 1952-இல் ஒரு பழைய நார்ட்டன் 500 வண்டியில் தென் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியபோது கையில் காசு குறைவு. போலீஸ் நிலையம், மருத்துவமனை, பண்ணைக் கொட்டில் என்று கேட்டுக் கேட்டே படுத்தார்கள். சிலியின் லாஸ் ஆஞ்சலஸ் ஊரில் தீயணைப்பு நிலையம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. தீ விபத்துக்கான அழைப்பு வந்தபோது விருந்தாளிகளும் வண்டியில் ஏறிப் போனார்கள். சிலியில் தீயணைப்பு வீரர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். தென் அமெரிக்காவைச் சைக்கிளிலும் மோட்டார்சைக்கிளிலும் சுற்றுபவர்கள் இன்றும் இரவுக்கு இடம் கேட்டுத் தீயணைப்பு நிலையங்களின் கதவைத் தட்டுகிறார்கள். காரில் வருபவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியிலேயே உறங்கிவிடலாம். பைக்கில் வருபவருக்குக் கூரை இல்லை, சாய இருக்கை இல்லை. நனைந்ததும் நடுங்குவதும் பார்த்தவுடன் தெரியும். கேட்கத் தயங்குபவராக இருந்தாலும் கேட்டாக வேண்டும். அந்த நிலையில் வந்து நிற்பவரை வெறுங்கையோடு அனுப்புவது எதிரில் நிற்பவருக்கும் கடினம்.

மணாலி–லே சாலையில் தட்டக் கதவு கிடையாது. பாரலாச்சா லாவை அடுத்த பாரத்பூரிலும் பாங்கிலும் இருப்பவை வட்டக் கூடாரங்கள். இடுப்புயரக் கல்சுவரின் மேல், நடுக்கம்பம் ஒன்றை நட்டு, ராணுவம் கழித்துப்போட்ட பாராசூட் துணியை விரித்துக் கட்டியவை. முன்பகுதியில் அடுப்பும் பிஸ்கட், நூடுல்ஸ் அடுக்கிய பலகையும். சுவரை ஒட்டிச் சுற்றிலும் ஒரு திண்ணை, அதன் மேல் வரிசையாக மெத்தைகள். பகலில் ராஜ்மாவும் சோறும் சாப்பிட உட்கார்ந்த இடம் இரவில் படுக்கை. லாரி ஓட்டுநரும் ஐ.டி. ஊழியரும் அடுத்தடுத்துக் கால் நீட்டுவார்கள். கூடாரங்கள் பலவற்றைப் பெண்கள் நடத்துகிறார்கள். சாலை திறந்ததும் லாரியில் சாமானோடு மேலே வந்து, முதல் பனிக்கு முன் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். வந்தவர் முகம் வெளிறியிருந்தால் முதலில் அடையாளம் காண்பவர்கள் அவர்கள்தான். சூடான தண்ணீரைக் கொடுத்து, இன்னும் வெளிச்சம் இருக்கிறது, இறங்கிவிடுங்கள் என்று சொல்லக்கூடியவர்களும் அவர்கள்தான். வருகிற வாடகையை விட்டுவிட்டுத் தரும் அந்த ஆலோசனையைக் கேட்டு நடப்பது நல்லது. கூடாரத்தை மூடிக்கொண்டு உள்ளே கரி அடுப்போ மண்ணெண்ணெய் அடுப்போ எரியவிட்டபடி உறங்குவது மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தில் அது மீதியையும் பறித்துவிடும்.

காட்டா லூப்ஸ் வளைவுகளில் ஓரிடத்தில் தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடக்கும். அங்கே நிற்கும் ஓட்டுநர்கள் ஒரு கதை சொல்வார்கள். குளிர்காலம் நெருங்கிய சமயம், கடைசியாக வந்த லாரி ஒன்று இந்த வளைவில் பழுதாகி நின்றது. கிளீனரை வண்டிக்குக் காவல் வைத்துவிட்டு ஓட்டுநர் உதவி தேடிப் போனார். பனி விழுந்து சாலை மூடிக்கொண்டது. அவர் திரும்பி வந்தபோது கிளீனர் குளிரிலும் தாகத்திலும் இறந்து கிடந்தான். அங்கேயே புதைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த வளைவில் ஒருவன் வண்டிகளை நிறுத்தித் தண்ணீர் கேட்டதாகச் சொல்கிறார்கள். போகிறவர்கள் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறார்கள், சிலர் பீடியும் சிகரெட்டும் வைக்கிறார்கள். கதையின் உண்மையை விசாரிப்பது வேண்டாத வேலை. இரவுக்கு இடமில்லாமல் ஒருவன் இங்கே செத்தான் என்பதை இந்தச் சாலை மறக்க மறுக்கிறது. தாண்டிப் போகும் ஒவ்வொருவரும் அதற்காக ஒரு நிமிடம் வண்டியை நிறுத்துகிறார்கள்.

லேவுக்கு மேற்கே இன்னொரு வழி இருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து வரும் அந்தச் சாலையில் தூரத்துக்கும் உடலுக்கும் இப்படிப் பகை கிடையாது. ஸ்ரீநகர் 1,585 மீட்டர். சோஜி லாவைத் தாண்டி, திராஸைக் கடந்து, பாதித் தொலைவில் வரும் கார்கில் 2,676 மீட்டர். அடுத்த நாள் 4,108 மீட்டர் ஃபோட்டு லாவை ஏறி இறங்கினால் லே. படிப்படியாக உயரும் இந்த இரவுகளை நவீனச் சுற்றுலா கண்டுபிடிக்கவில்லை. ஸ்ரீநகர், லே, ஸ்கர்து, ஸான்ஸ்கர் ஆகியவற்றுக்கு ஏறக்குறைய சமதூரத்தில் இருக்கும் கார்கில், குதிரைகளும் பொதிகளும் போன காலத்திலேயே தங்கல் ஊர். முன்ஷி அஜீஸ் பட் என்ற வணிகர் 1920-இல் அங்கே ஒரு சராய் கட்டினார். மத்திய ஆசியாவிலிருந்தும் திபெத்திலிருந்தும் சரக்கு கொண்டுவந்தவர்கள் அதில் தங்கினார்கள். கீழே விலங்குகள், மேலே மனிதர்கள். எல்லைகள் மூடி அந்த வணிகம் நின்றுபோன பிறகு, பாழடைந்த சராயில் கிடைத்த பொருள்களைக் கொண்டு அவர் குடும்பத்தார் 2004-இல் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். சேணங்களும் கம்பளங்களும் சாயப்பொடிகளும் இன்று அதில் இருக்கின்றன. முதல்முறை லடாக் போகும் பைக்கருக்கு ஸ்ரீநகர் வழியாக ஏறி மணாலி வழியாக இறங்கச் சொல்வது அனுபவசாலிகளின் வழக்கம். லேவில் சில இரவுகள் பழகிய உடல் சர்ச்சுவைத் தாங்கிக்கொள்ளும். பொதிக்குதிரைக்காரர்கள் வகுத்த தங்கல்களையே அவர்கள் இப்படிப் பரிந்துரைக்கிறார்கள்.

இந்த மலைச்சாலைகளில் ஓடும் வண்டிகளில் பெரும்பங்கு புல்லட் வகை. 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் தயாரானது அந்த வண்டி. எல்லைக் காவலுக்கென்று ராணுவம் அதை வாங்கிய காலத்திலிருந்தே அதற்கும் மலைக்கும் உறவு உண்டு. கடலோரத்தில் உருவான இயந்திரம் மெல்லிய காற்றில் திணறினால் ஒரு மெக்கானிக் சரிசெய்துவிடுவார். அதே கடலோரத்திலிருந்து வந்து அதை ஓட்டுபவரின் நுரையீரலுக்கு அந்த வசதி கிடையாது. நேரம் ஒன்றுதான் மருந்து. நேரம் என்றால் இங்கே கூடுதலாக ஓர் இரவு.

அந்த இரவுகள் எங்கே கழியப்போகின்றன என்பது இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2020 அக்டோபர் 3 அன்று 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் திறந்ததும் மணாலி–லே தூரத்தில் 46 கிலோமீட்டர் குறைந்தது. ரோதங் கணவாய் வழியில் மர்ஹியிலும் கோக்சரிலும் இருந்த தாபாக்கள் லே போகும் வண்டிகளை இழந்தன. சுரங்கத்தின் வடக்கு வாயை அடுத்த சிஸ்ஸுவில் ஹோம்ஸ்டேக்கள் பெருகின. அடுத்த மாற்றம் இதைவிடப் பெரியது. தார்ச்சாவிலிருந்து பிரிந்து, ஷிங்கு லா கணவாய் ஏறி, ஸான்ஸ்கரின் பதும் வழியாக, லேவுக்கு அருகே உள்ள நிம்முவுக்கு வரும் சாலையை எல்லைச் சாலைகள் அமைப்பு 2024 மார்ச்சில் இணைத்துவிட்டது. நீளம் 298 கிலோமீட்டர். அதே ஆண்டு ஜூலை 26 அன்று ஷிங்கு லாவின் கீழே 4.1 கிலோமீட்டர் சுரங்கத்துக்கு முதல் வெடி வைக்கப்பட்டது. அது முடிந்தால் 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாயை ஏற வேண்டியிருக்காது.

இந்தச் சாலையின் பாதியில் இருப்பது பதும். தார்ச்சா 3,360 மீட்டர், பதும் 3,600 மீட்டருக்குச் சற்று மேல், லே 3,500 மீட்டர். வரைபடத்தின் நடுவும் உடல் ஏற்கும் உயரமும் இங்கே ஒரே இடத்தில் விழுகின்றன. சர்ச்சுவில் மூச்சுமுட்டக் கழிந்த இரவுகள் பலருக்கு இனி பதுமில் நிம்மதியாகக் கழியும். அது ஆண்டு முழுவதும் மக்கள் வாழும் ஊர். குளிரில் உறைந்த ஆற்றின் மேல் நடந்துதான் நெடுங்காலம் வெளியுலகத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களின் ஊர். தண்ணீர் குறைவான, உலர் கழிப்பறைகளால் சமாளித்து வந்த பள்ளத்தாக்கில் கோடைக்கோடை ஆயிரக்கணக்கான வண்டிகள் நின்றால் ஷவரும் ஃபிளஷும் எவ்வளவு நீர் கேட்கும் என்பதை லே நகரம் ஏற்கெனவே காட்டிவிட்டது.

வேறொரு முறையும் லடாக்கிலேயே இருக்கிறது. ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பக் கிராமத்தில், பனிச்சிறுத்தைப் பாதுகாப்புக்காக இயங்கும் ஸ்நோ லெப்பர்ட் கன்சர்வன்சி 2000-களின் தொடக்கத்தில் ஹோம்ஸ்டே திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆட்டைக் கொன்ற சிறுத்தையைப் பழிவாங்கிக் கொல்லாமலிருக்க, விருந்தாளிகள் மூலம் வருமானம் வரட்டும் என்பது நோக்கம். வருகிறவர்களை வீடுகள் முறைவைத்து ஏற்கின்றன. இன்று ஒரு வீடு, அடுத்து வருபவருக்கு அடுத்த வீடு. சாலையை ஒட்டி இருப்பவரும் கட்டடம் கட்டப் பணம் உள்ளவரும் மட்டும் பிழைக்கும் நிலை அங்கே வரவில்லை. விருந்தாளி வீட்டார் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் கழிப்பறையையே பயன்படுத்துகிறார். பதும் வட்டாரத்துக்கு இந்த முறைவைப்பு இப்போதே தேவை. சுரங்கம் திறந்ததும் தார்ச்சாவிலிருந்து காலையில் கிளம்பும் வண்டிகள் அன்று மாலையே பதுமில் வந்து நிற்கும். வெளியூர் முதலாளிகள் நிலத்தை வாங்கிக் கூடார வரிசைகளை அடிப்பதற்கு முன், முதல் படுக்கை யார் வீட்டில் விரிப்பது, இரண்டாவது யார் வீட்டில் என்பதை ஊர்க்காரர்கள் கூடிப் பேசி எழுதி வைத்துக்கொள்ள அவர்களுக்கு இன்னும் சில கோடைகள் மிச்சமிருக்கின்றன.